ஆறுமுறை வாசித்த ஓரடி

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது என் புகழ். அதனைச் சற்றுக் குறைத்தல் வேண்டும் என்பதற்காகவே எழுதுகோலை எடுத்தேன்.

சென்ற திங்களில், எங்கள் சிவன் கோயிலிற் புராணத்துக்குப் பயன், அஃதாவது பொருளுரை, சொல்லப் புதிதாக அமர்த்தப்பட்ட இளம் ஆசிரியர் இருவர் என் இல்லத்துக்கு வந்தனர். அவருள் மூத்தவர் கையில் வெற்றேடு ஒன்று இருந்தது.

"ஐயா, நீங்கள் ஓரடிக்கு ஒன்பது பயன் சொன்னனீங்களாம். அந்த ஒன்பதையும் ஒருக்கா எழுதித் தந்தியளெண்டால் நாங்களும் பாடமாக்குவம்."

"ஆர் சொன்னது?"

"ஊரிலை எல்லாரும் சொல்லுகினம்."

அவர்கள் கேட்டறிந்த கதை வருமாறு. திருமணப் படலத்துக்கு முதல்நாள் நான் ஓரடிக்கு ஒன்பது வகையாகப் பொருள் விரித்தேனாம். வாசித்தவர் வியப்புற்று, இன்னும் கேட்கும் வேட்கையால் அவ்வடியையே மீண்டும் மீண்டும் எடுத்தாராம். ஈற்றில், சொல்லுக்கு எட்டாத அன்பின் நிலையைச் செய்கையாற் காட்டும்பொருட்டு நான் வாய்பேசாது எழுந்து சென்றேனாம்.

நான் எழுந்து சென்றது மெய். ஏனையவை பொய். வாய்பேசாது சென்றேன் என்பது பெரும்பொய். நான் பேசியதைக் கேட்டவர்களிற் பலர் இன்றில்லை; இருப்பவர்களோ என்மேலுள்ள அன்பினால் மறந்துவிட்டனர். ஆகவே, நடந்ததை நானே எழுதிவைத்தல் கடனாயிற்று.

என் கல்வியைப்பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. நிகண்டை மனனஞ் செய்தேன், இலக்கணங் கற்றேன், கற்றபோது பிரம்படியும் பெற்றேன். ஆசிரியப் பயிற்சி முடித்து, உடுவிலுக்கு அயலிலுள்ள சைவப் பாடசாலை ஒன்றிற் பணியேற்றபோது எனக்கு இருபத்துநான்கு அகவை. அவ்வாண்டே எங்கள் கோயிலிற் பயன் சொல்லவும் தொடங்கினேன். ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதியிலிருந்து, நாற்பதுகளின் இறுதியிற் குரல் தளரும்வரை அத்தொழிலைச் செய்தேன். பாடசாலை எனக்குச் சோறிட்டது. பயன் சொல்லுதலோ என்னை ஆண்டது.

எங்கள் குடாநாட்டுக் கோயில்களிற் புராணம் படித்தல் இருவர் தொழில். ஒருவர் பாட்டை இசையோடு வாசிப்பார். மற்றவர் அதன் பொருளை எடுத்துரைப்பார். நண்பகற் பூசை முடிந்தபின் மண்டபத்திற் பாய் விரித்து, மரப்பீடத்தில் நூலை வைத்துப் பூச்சாத்துவர். வாசிப்பவர் வடக்கு நோக்கி இருப்பார். பயன் சொல்பவர் அவருக்கு வலப்புறத்தே அரைமுழம் பின்தள்ளி இருத்தல் வேண்டும். பாட்டு முழுவதையும் ஒருமுறை ஓதியபின், வாசிப்பவர் அடியடியாகப் பிரித்து நிறுத்துவார். நிறுத்திய இடத்தில், "இதன் பயனாவது" என்று தொடங்கி மற்றவர் பொருள் கூறுவார். கூறி முடிந்ததும் வாசிப்பவர் அடுத்த அடிக்குச் சென்றால், சொன்னதை ஏற்றுக்கொண்டார் என்பது கருத்து. செல்லாது அதே அடியை மீளவும் எடுத்தால், சொன்னது போதாது, அல்லது பிழை என்பது கருத்து. அவையில் ஒருவரையொருவர் வாய்திறந்து திருத்துதல் ஆகாது. வாழ்த்துப்பா ஓதி நூலைக் கட்டும்வரை இருவரும் இருக்கைவிட்டு எழுதலும் ஆகாது.

என் காலத்து வாசிப்பவர் இளையதம்பியர். புகையிலைத் தோட்டக்காரர், என்னிலும் இருபது ஆண்டு மூத்தவர், ஊரார்க்கெல்லாம் அண்ணை. பாடசாலைப் படிப்பு அவருக்கு மிகச் சிறிது. ஆயின், எங்கள் கோயிலுக்கென்று முன்னாளில் ஓர் அடியவர் பாடிய புராணத்தில் ஒரு சீர்தானும் அவர் நினைவிலிருந்து நழுவியதில்லை. அடிகளை மீள எடுக்கும் உரிமையை அவர் சினத்தோடு ஆண்டதில்லை. முதலாண்டில், குளத்தைப் பாடிய பாட்டு ஒன்றுக்கு நான் ஆம்பலையும் தாமரையையும் விரித்துரைத்துவிட்டு, கரையில் நின்ற கொக்கை விட்டுவிட்டேன். அவர் அவ்வடியை மீள எடுத்தார். நான் தடுமாறிக் கொக்கைக் கண்டுபிடித்துச் சொன்னபின்னரே அப்பாற் சென்றார். வெளியே வந்ததும் என் தோளிற் கைவைத்து, "தம்பி, அது பசியோடை நிண்டது. விட்டிட்டுப் போகலாமோ?" என்றார்.

மண்டபத்தில் ஆடவர் ஒருபுறமும் பெண்டிர் மறுபுறமுமாக இருந்து கேட்பர். மதிலுக்கு அப்பால் தெருவில் நின்று கேட்டவர்களும் இருந்தனர். உள்ளே வர அவர்களுக்கு அந்நாளில் இடங்கொடுக்கப்படவில்லை. இறைவன் திருமுன் எல்லாரும் ஒன்று என்னும் பாட்டுக்கு, அவர்கள் செவியிலும் படுமாறு உரத்துப் பயன் சொன்ன நான், அவர்களை உள்ளே அழைக்க வாய்திறந்திலேன். என் புகழிற் கழிக்கவேண்டியவற்றுள் இதுவும் ஒன்று.

இனி, திருமணப் படலத்தைப்பற்றிச் சொல்லவேண்டும். அம்மைக்கும் அப்பனுக்கும் நடந்த திருமணத்தை வாசிக்கும் நாளில் ஊர் இரண்டாகப் பிரியும். கிழக்குத் தெருவார் மாப்பிள்ளைப் பகுதி. மேற்குத் தெருவார் பெண் பகுதி. இரு திறத்தாரும் பலகாரத் தட்டங்களோடு மேளம் முழங்க வந்து, எதிரெதிரே அமர்ந்து, சம்பந்திகள்போல ஒருவரையொருவர் எள்ளுவர். போர்க்காலத்தில் அரிசி பங்கீட்டுக்கு வந்தபோதும் இது நின்றதில்லை. அவ்வாண்டு மேற்குத் தெருவார் கொழுக்கட்டைக்கு மாவின்றிப் பனங்காய்ப் பணியாரம் சுட்டுவர, கிழக்குத் தெருவார் "பொம்பிளை வீட்டிலை பனங்காடுதான் சீதனமோ?" என்று கேட்டுக்கேட்டே தட்டங்களை வெறுமையாக்கினர்.

அந்நாளிற் பயன் சொல்பவருக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. திருப்பூட்டு வாசித்து முடிந்ததும் இறைவனுக்குச் சாத்திய பரிவட்டத்தை எடுத்து அவர் தலையிற் கட்டுவர். பின்னர் மேளதாளத்தோடு ஊர்வலமாக அழைத்துச் செல்வர். நான் பணியேற்ற முதல் மூன்றாண்டும் அச்சிறப்புக் கரவெட்டியிலிருந்து வருவிக்கப்பட்ட புலவர் ஒருவருக்கே உரியதாயிற்று. ஏனைய நாள்களில் தொண்டை வறளப் பயன் சொன்னவன் நான். திருமணத்தன்று நான் கிழக்குத் தெருவாரோடு பாயிற் குந்தியிருந்து, அவர் தலையையே நோக்கியிருப்பேன்.

உண்மையை எழுதுகிறேன். ஆசையை அறுத்தல்பற்றி நாள்தோறும் ஊருக்கு உரைத்துவந்த நான் அப்பரிவட்டத்தின்மேற் பித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் என் மனைவி சிவகாமியின் கூறைச்சேலைத் தலைப்பைத் தலையிற் சுற்றிக்கொண்டு கண்ணாடிமுன் நின்றேன். அவள் வாயிலில் நின்றதை அறிந்திலேன்.

"இஞ்சாருங்கோ, வடிவாத்தான் இருக்கு. பொட்டும் வைச்சுவிடட்டோ?" என்றாள்.

நான்காம் ஆண்டு, திருமணப் படலத்துக்கு இருநாள் முன்னர், கோயில் மனேச்சர் என்னை அழைத்தார். அவர் சொற்களை அளந்து பேசுபவரல்லர். பள்ளியாசிரியரைச் சட்டம்பியார் என்பது எங்கள் ஊர் வழக்கு.

"சட்டம்பியார், இந்தமுறை கலியாணத்துக்குப் பயன் சொல்லுறது நீரோ, கரவெட்டிப் புலவரோ எண்டதை இளையதம்பி அண்ணையிட்டை விட்டிட்டன். நாளைக்கு உம்முடைய பயனைக் கேட்டுப்போட்டு அவர் சொல்லட்டும். புலவருக்கும் ஆள் அனுப்பியிருக்கிறன். வந்தால் வரட்டும்."

"நாளைக்கு எந்தப் பகுதி?"

"கலியாணத்துக்குச் சனம் வாற பகுதிதான். வடிவாச் சொல்லும்."

அன்று மாலை முழுவதும் அப்பகுதியை உருப்போட்டேன். திருமணத்துக்குத் தேவரும் முனிவரும் அடியவரும் வந்து குழுமுகின்றனர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேண்டுகோளோடு வருகின்றனர். இறைவன் ஒவ்வொருவரையும், "வேண்டுவது யாது?" என வினவுகிறான். ஒருவர் ஆட்சி கேட்கிறார். ஒருவர் மக்கட்பேறு கேட்கிறார். ஒருவர் பிறவாமை கேட்கிறார். ஈற்றில், நெடுந்தொலை நடந்துவந்த முதிய அடியவர் ஒருவர் திருமுன் நிற்கிறார். அவரிடமும் அதே வினா. கேட்க வந்தது யாது என்பதை மறந்து அவர் நின்றார் என்று பாட்டு முடிகிறது. அவர் பெயரையோ ஊரையோ புராணம் சொல்லவில்லை.

மறுநாள் மண்டபம் நிரம்பியிருந்தது. யாருக்குப் பரிவட்டம் என்பது அன்று முடிவாகும் என்பதனை ஊர் அறிந்திருந்தது. இளையதம்பியர் குரல் அன்று மிகவும் கனிந்திருந்தது. நானும் தடையின்றிச் சென்றேன். ஆட்சி கேட்டவரையும் பிள்ளை கேட்டவரையும் நான் விரித்தபோது முதியோர் தலையசைத்தனர்.

முதிய அடியவரின் அடி வந்தது. இளையதம்பியர் பாடி நிறுத்தினார். நான் சொல்லுக்குச் சொல் பொருள் உரைத்தேன். அவர் அதே அடியை மீள எடுத்தார்.

ஏதோ கொக்கை விட்டுவிட்டேன் என எண்ணி, அவர் நடந்துவந்த தொலைவையும் கால்வருத்தத்தையும் சேர்த்துரைத்தேன். அவர் மீளவும் எடுத்தார்.

மூன்றாம் முறை, ஆசையே பிறவிக்கு வித்து என்பதிலிருந்து தொடங்கி, அது மெய்யடியாரால் வெல்லப்படும் பகை என்று நிறுவினேன். மீளவும் எடுத்தார். பெண்டிர் பகுதியில் யாரோ களுக்கென்று நகைத்தார். நான்காம் முறை, பொருள் வேண்டுவோர், வீடுபேறு வேண்டுவோர், ஒன்றும் வேண்டாதோர் என அன்பரை மூவகைப்படுத்தி, மூன்றாமவருக்கு உயர்வு கற்பித்தேன். மீளவும் எடுத்தார்.

"சட்டம்பியார் தடக்குறார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அண்ணை விடமாட்டார் போலை" என்றது மற்றொன்று.

ஐந்தாம் முறை நான் சொன்னது எனக்கே விளங்கவில்லை. வடசொல்லும் தென்சொல்லும் கலந்து அவை அஞ்சும்படி உரைத்தேன். இளையதம்பியரோ கண்ணை மூடியபடி ஆறாம் முறையும் அவ்வடியையே எடுத்தார்.

பரிவட்டம் போயிற்று என்பது எனக்குத் தெளிவாயிற்று. போனதோடு நில்லாது, ஊர்முன்னே நான் ஒன்றுமறியாதவன் என்பதும் நாட்டப்பட்டது. மூன்றாண்டு உடனிருந்தவர், ஒரு சொல்லும் சொல்லாமல், எல்லாரும் காண என்னை அறைந்துவிட்டதாகக் கருதினேன். எழுந்தேன். சால்வையை உதறித் தோளிலிட்டேன்.

"இதற்குமேலும் பயன் வேண்டுவோர் கரவெட்டிக்குச் செல்க!" என்று கூறி, தெற்கு வாயிலால் வெளியேறினேன்.

ஒரு வசையுள் மூன்று பிழை. வாழ்த்துப்பாவுக்கு முன் எழுந்தது ஒன்று. வாசிப்பவரை இகழ்ந்தது ஒன்று. அவ்விடத்தில் இல்லாத, எனக்கு எத்தீங்கும் செய்யாத புலவரை இழுத்தது ஒன்று.

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். பொழுது சாயுமுன் சிவகாமி வந்தாள். திருநீற்றை என் நெற்றியிற் பூசிவிட்டு, அருகில் இருந்து சிரிக்கத் தொடங்கினாள்.

"என்ன சிரிப்பு? மானம் போட்டுது."

"ஆரின்ரை மானம்?"

"என்ரை மானம்தான். ஐஞ்சுதரம் அந்த மனிசன் என்னைத் திருத்தினதை நீர் காணேல்லையோ?"

"இஞ்சாருங்கோ, நீங்கள் எழும்பிப் போன பிறகும் அவர் அதைத்தான் படிச்சுக்கொண்டிருந்தவர்."

நான் திரும்பி அவளைப் பார்த்தேன்.

"நீங்கள் போனதே அந்த மனிசனுக்குத் தெரியாது. கண்ணாலை தண்ணி ஓடுது. அடுத்த அடி வருகுதில்லை. படிக்கிறார், படிக்கிறார், அதையே படிக்கிறார். மனேச்சரும் நிப்பாட்டேல்லை."

"அப்ப பேந்து பயன் ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"பயன் இல்லாமல் என்னண்டு சனம் இருந்தது?"

"எல்லாருக்கும் விளங்கினது" என்றாள் சிவகாமி.

மறுநாட் காலை, திருமணப் படலத்தன்று, நான் இளையதம்பியரின் தோட்டத்துக்குச் சென்றேன். மன்னிப்புக் கேட்டல் என் கடன். ஆயின், அவர் என்னைத் திருத்தினாரா இல்லையா என்பதை அவர் வாயாலேயே கேட்டறியும் வேட்கையும் இருந்தது. தோட்டக்கிணற்றில் இறைப்பு நடந்துகொண்டிருந்தது. கிணற்றேற்றத்தின் நீண்ட துலாவின்மேல் இளையதம்பியர் முன்னும் பின்னும் நடந்து மிதித்தார். கீழே அவர் மைத்துனர் செல்லையா, ஓலையாற் செய்த பட்டையில் நீரைக் கோலி வாய்க்காலில் ஊற்றிக்கொண்டிருந்தார். புராணப் பாட்டு மேலிருந்து ஒலித்தது.

"ஆர் அது? சட்டம்பியாரோ?"

"ஓம் அண்ணை. மன்னிப்புக் கேக்க வந்தனான்."

"பொறும்" என்றவாறு அவர் துலாவின் மறுகோடிக்குச் சென்றார். மீண்டுவந்து, "என்னத்துக்கு?" என்றார்.

"நேற்று எழும்பிப் போனதுக்கு."

மறுகோடிக்குச் சென்று மீண்டார். "நீர் எழும்பினனீரோ?"

செல்லையா பொறுக்கமாட்டாமல் கீழிருந்து கத்தினார். "அத்தான், அவர் எழும்பி, சால்வையை உதறி, கரவெட்டிக்கு வழியும் சொல்லிப்போட்டெல்லோ போனவர்! ஊர் முழுக்கச் சிரிச்சுது. உங்களுக்கு மட்டுந்தான் தெரியாது!"

துலா நின்றது. நிறைந்த பட்டை கிணற்றின் நடுவே தொங்கிற்று.

"அத்தான், நிக்காதையுங்கோ! என்ரை கை கழலுது!"

இளையதம்பியர் இறங்கிவந்தார். அவர் முகத்திலிருந்தது சினமன்று, நாணம்.

"தம்பி, பிழை என்ரை. அந்த அடி வந்தால் எனக்கு அடுத்த அடி வாறேல்லை. தோட்டத்திலையும் உதுதான் கதை. உவனைக் கேளும்."

"என்னைக் கேட்டால் அழுவன்" என்றார் செல்லையா. "ஒரு பாத்திக்கு இரண்டு பாட்டு எண்டெல்லோ எங்கடை இறைப்பு. அந்தக் கிழவர் கும்பிட வாற பாட்டு வந்துதெண்டால் பாட்டு முடியாது. பாத்தி நிரம்பி, வரம்பு உடைச்சு, பக்கத்துக் காணிக்காரன் வந்து பேசுமட்டும் இவர் அந்த அடியிலைதான் நிப்பார். அந்தப் பாத்திப் புகையிலை ஒருநாளும் உருப்பட்டதில்லை."

"அப்ப, அண்ணை, நான் சொன்ன பயன்?"

"எந்தப் பயன்?"

"அந்த அடிக்கு. ஐஞ்சுதரம் சொன்னனான்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "சொன்னனீரோ? வடிவாத்தான் சொல்லியிருப்பீர், தம்பி. நான் கேக்கேல்லை."

என் வாழ்நாளிற் பெற்ற திறனாய்வுகளுள் இதுவே மிகச் சிறந்தது என்று இப்பொழுது கருதுகிறேன். அன்று அவ்வாறு கருதவில்லை. வரம்பின்மேல் நின்றபடியே அந்த அடியை மனத்துள் ஓதிப்பார்த்தேன். ஆசையை அவ்வடியவர் வென்றார் என்று பாட்டிற் சொல்லப்படவில்லை. துறந்தார் என்றும் சொல்லப்படவில்லை. போரிட்டு வென்றதாகச் சொன்னவன் நான். அவர் ஆசையோடுதான் வந்தார். மடியில் முடிந்துகொண்டு, ஊரூராக நடந்து, வழிநெடுக எண்ணியெண்ணி வந்தார். கண்டவுடன் மறந்துபோனார். அவ்வளவே. அதில் அவருக்கு யாதொரு பெருமையும் இல்லை. மகிழ்ச்சி மட்டுமே உண்டு. எனக்கோ அவ்வடி முழுவதும் தலைப்பாகை பற்றியதாகவே இருந்தது.

"நான் மனேச்சரிட்டைப் போறன்" என்றார் இளையதம்பியர். "சனத்தின்ரை பொழுதைத் தின்னுறவன் இனி வாசிக்கக்கூடாது."

"நானும் அதுக்குத்தான் போறன், அண்ணை. எழும்பினவன் இனி இருக்கக்கூடாது."

"நீர் ஏன்? நீர் இருந்தாத்தான் நான் வாசிப்பன்."

"நீங்கள் இப்பத்தான் வாசிக்கமாட்டன் எண்டனீங்கள்."

"தண்ணிக்கு ஒரு வழி சொல்லிப்போட்டுப் போங்கோவன்!" என்றார் செல்லையா.

அன்றிலிருந்து அவர் இறைவனடி சேரும்வரை நாங்கள் இருவரும் அந்த அடிக்கு ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டோம். நான் ஒருமுறை மட்டும் பொருள் சொல்வேன். பின்னர் அவர் எத்தனைமுறை எடுத்தாலும் வாய்திறவாது கேட்டிருப்பேன். இளம் ஆசிரியர்கள் இதனை ஓர் உத்தியாகக் கைக்கொள்ளவேண்டா. சொல்வதற்கு வேறொன்றும் என்னிடம் இல்லை என்பதே காரணம்.

கோயிலுக்குச் சென்றோம். மனேச்சர் வாழைமரம் கட்டுவித்துக்கொண்டிருந்தார். இருவர் விண்ணப்பத்தையும் கேட்டார்.

"வாசிக்கிறவர் விலகுறார். பயன் சொல்லுறவர் விலகுறார். பொம்பிளையும் மாப்பிளையும் மட்டும் இருந்தால் போதுமோ? கலியாணத்தை ஆர் படிக்கிறது, வாழைமரமோ?"

அவர் சொல்லி வாய்மூடுமுன் வாயிலில் ஒற்றைமாட்டுத் திருக்கல் வண்டி ஒன்று வந்து நின்றது. கரவெட்டிப் புலவர் இறங்கினார். பருத்த உடம்பினர். வழியிலேயே எவரோ எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லிவிட்டனர் என்பது அவர் கண்ணிலே தெரிந்தது. எனக்கு நிலத்துக்குள்ளே புகுந்துவிடலாம்போல் இருந்தது.

"தம்பி," என்றார் என்னை நோக்கி, "பயன் வேணுமெண்டால் கரவெட்டிக்குப் போகச் சொன்னீராம். அவ்வளவு சனமும் வெயிலுக்கை நடக்கவேண்டாமெண்டு நானே வந்திட்டன்."

மனேச்சர் வாய்விட்டுச் சிரித்தார். நான் புலவரின் காலைத் தொடக் குனிந்தேன். அவர் என் தோளைப் பிடித்து நிமிர்த்தினார்.

"உம்முடைய இடம் உது. நீர் இரும். நான் கேட்டிட்டுப் போறன்" என்றார்.

அக்கணத்தில் அப்பரிவட்டம் மீண்டும் என் கைக்கெட்டும் தொலைவில் வந்து நின்றது. இளையதம்பியர் என்னை ஆவலோடு பார்த்தார். மனேச்சரும் மறுக்கவில்லை. நான் ஓம் என்றிருந்தால் நடந்திருக்கும். ஆசை என்னை விட்டு நீங்கியிருந்தது என்று எழுத எனக்கு விருப்பந்தான். ஆயின் அது பொய்யாகும். ஆசை அங்கேதான் நின்றது. நாணம் அதனிலும் பெரிதாயிருந்தமையால், "நீங்கள் சொல்லுங்கோ ஐயா. நான் இண்டைக்குக் கேக்கிறன்" என்றேன்.

"சரி, முடிஞ்சுது" என்றார் மனேச்சர். "அண்ணை வாசிக்கட்டும். புலவர் பயன் சொல்லட்டும். சட்டம்பியார், நீர் கிழக்குத் தெரு. மாப்பிளைப் பகுதிக்கு முன்னாலை நிண்டு தட்டம் தூக்கும். நேற்று எழும்பினதுக்கு அதுதான் தெண்டம்."

பிற்பகலில் வெயில் தாழத் தொடங்கியபோது இரண்டு மேளமும் இரு திசையிலிருந்து வந்தன. தலையிற் கொழுக்கட்டைத் தட்டத்துடன் நான் கிழக்குத் தெருவாருக்கு முன்னே நடந்தேன். மேற்குத் தெருவாருக்கு முன்னே வந்தவள் சிவகாமி. அவள் பிறந்தது மேற்குத் தெரு என்பதை நான் மறந்திருந்தேன்.

இளையதம்பியர் காப்புப் பாடினார். புலவர் பயன் சொல்லத் தொடங்கினார். நன்றாகவே சொன்னார்; என்னிலும் நன்றாகவே சொன்னார். ஆயின், மாப்பிள்ளை அழைப்புப் பகுதி வந்ததும், பழைய வழக்கப்படி, வாசிப்பை இடையிடையே நிறுத்தி இரு திறத்தாரும் வாதிடத் தொடங்கினர்.

"மாப்பிளை வீட்டாரே," என்றாள் சிவகாமி, ஊர் கேட்க, "உங்கடை பிள்ளைக்கு என்ன தொழில்?"

"உலகத்தைக் காக்கிறது" என்றேன்.

"பிச்சையெடுத்துச் சாப்பிடுறவராம் எண்டெல்லோ கேள்வி?"

"பிச்சைப் பாத்திரத்துக்குள்ளைதான் உலகம் முழுக்கக் கிடக்கு. வந்து எட்டிப் பாரும்!"

"வீடு வாசல்?"

"சுடலை. நல்ல காத்தோட்டம்!"

கிழக்குத் தெருவார் ஆரவாரித்தனர். "சட்டம்பியாரைத் தெரிஞ்செல்லோ மனேச்சர் எங்கடை பக்கம் விட்டவர்!" என்று ஒருவர் என் முதுகில் அறைந்தார்.

"கழுத்திலை பாம்பாம்," என்றாள் சிவகாமி. "எங்கடை பிள்ளை பயப்பிடமாட்டாளோ?"

"உங்கடை பிள்ளையைக் கண்டு பாம்புதான் பயப்பிடும். மேற்குத் தெருப் பொம்பிளையளை எனக்குத் தெரியாதோ? நான் ஒருத்தியைக் கட்டிப்போட்டு இருக்கிறன்!"

மண்டபம் அதிர்ந்தது. இளையதம்பியர் நூலின்மேல் தலைகவிழ்ந்து சிரித்தார். புலவர் சொல்ல வந்த பயனை விட்டுவிட்டுத் தொடையில் தட்டினார். சிவகாமி விட்டாளல்லள். கொழுக்கட்டை கல்லாயிருக்கிறது என்றாள். நான் அவர்கள் மோதகத்தை எடுத்து, அதற்குள்ளே பயறு எங்கேயென்று தேடிக்காட்டினேன். மேளம் எழுந்தது. எவரோ என்மேல் மஞ்சள்நீர் தெளித்தார். கெட்டிமேளம் கேட்டபோது நான் தட்டத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மேற்குத் தெருக் கிழவர் ஒருவரோடு, மாப்பிள்ளை முதலிற் கால்வைக்கும் பக்கம் வலமா இடமா என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன்.

வாழ்த்துப்பா முடிந்து, நூலைக் கட்டி, ஊர்வலமும் போய், மண்டபத்திற் சிதறிய பூவைக் கூட்டும் வேளையிலேதான் சிவகாமி என்னருகே வந்தாள். அவள் நெற்றிக் குங்குமம் வியர்வையிற் கரைந்திருந்தது.

"புலவருக்குப் பரிவட்டம் கட்டேக்கை பாத்துக்கொண்டு நிண்டனீங்களோ?" என்று மெல்லக் கேட்டாள். என் மனம் நொந்திருக்கும் என்று அவள் அஞ்சியதை அறிந்தேன்.

"எப்ப கட்டினவை?" என்றேன்.

மறு ஆண்டு தொடங்கி எனக்கும் அச்சிறப்புப் பலமுறை கிடைத்தது. அவற்றுள் ஒவ்வொன்றின் நிறமும் கரையும் இன்றும் நினைவில் உள்ளன. ஆயின், இக்கட்டுரைக்கு வேண்டிய அந்த ஒன்றை, மூன்றாண்டு நான் ஏங்கிக்கிடந்த அதனை, என் கண்முன்னே பத்தடி தொலைவிற் கட்டினார்கள், நான் காணவில்லை. அது பட்டோ பருத்தியோ, வெள்ளையோ செம்மையோ என்பதை எழுத இயலாமைக்கு வருந்துகிறேன். அன்று அம்மண்டபத்தில் இருந்தவர் எவரேனும் இதனைப் படிப்பின், இவ்விடத்தையும், பிழைபட்ட ஏனைய இடங்களையும் அன்புகூர்ந்து திருத்தித் தருக.